வயதைப் பார்க்காதீர்கள், புகையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய வாகனங்களைச் சாலையிலிருந்து அகற்றுவதே நகரங்களின் காற்றைக் காப்பதற்கு நேர்வழி என்னும் கருத்தில் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதன் நோக்கத்தோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் 20 ஆண்டைக் கடந்த வண்டி என்றாலே அது புகை கக்கும் குப்பை என்றும், அதை வைத்திருப்பவர் வறியவராகவோ பிடிவாதக்காரராகவோதான் இருக்க வேண்டும் என்றும் அக்கட்டுரை கொண்ட முடிவு, 1996-இல் பதிவான டாடா எஸ்டேட் கார் ஒன்றை இன்றும் தொழிலுக்கு ஓட்டிக்கொண்டிருக்கும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. பிடிவாதக்காரன் என்பதை வேண்டுமானால் ஏற்றுக்கொள்கிறேன்.

டாடா எஸ்டேட் என்றால் இன்றைய இளைஞர் பலருக்குத் தெரியாது. 1988-இல் வந்த டாடாமொபைல் 206 என்னும் சிறு சரக்கு வண்டியின் அடித்தளத்தின் மேல் 1991-இல் சியராவும், அதற்கடுத்த ஆண்டு எஸ்டேட்டும் உருவாயின. அன்றைய கார்கள் பலவற்றில் டிக்கி தனியே பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இதில் கூரையே வண்டியின் கடைசி வரை சென்று, மேல்நோக்கித் திறக்கும் பெரிய கதவொன்றில் முடியும். முன்னால் 1,948 சி.சி. டீசல் எஞ்சின், அது சுழற்றுவது பின்சக்கரங்களை. பொத்தானை அழுத்தினால் இறங்கும் கண்ணாடியும் பவர் ஸ்டீயரிங்கும் நம் ஊர்த் தெருக்களில் அரிதாக இருந்த நாளிலேயே அவை இதில் இருந்தன. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் நிறைந்திருந்த மதுரை வெளி வீதிகளில் இந்த வண்டி திரும்பியபோது மக்கள் நின்று பார்த்ததை நான் பையனாக இருந்து கண்டிருக்கிறேன். பின்னாளில் ஒரு மருத்துவரிடமிருந்து இரண்டாம் கையாக இதை வாங்கியதற்கு அந்த நினைவும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்.

ஆனால் நினைவுக்காக மட்டும் யாரும் ஒரு டீசல் எஞ்சினைப் பல்லாண்டுகள் கட்டி மேய்க்க மாட்டார்கள். நான் புத்தக வியாபாரி. கடையில் அமர்ந்து விற்பதைக் காட்டிலும், மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், வாடிப்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு நாள், இரண்டு நாள் கண்காட்சி வைத்து விற்பதில்தான் என் பிழைப்பு நடக்கிறது. புத்தகம் பார்ப்பதற்குச் சிறியது. பெட்டியில் அடுக்கினால் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய சரக்கு. இன்றைய உயரமான கார்களில் அதை நெஞ்சளவுக்குத் தூக்கி, பிறகு உள்ளே இறக்க வேண்டும். எஸ்டேட்டில் பின்கதவைத் திறந்தால் தளம் முழங்காலுக்குச் சற்று மேலே தாழ்வாகக் கிடக்கும். பெட்டியின் ஒரு முனையை விளிம்பில் வைத்துத் தள்ளினால், மடக்கிய பின்னிருக்கையின் மேலாக முன்னிருக்கையின் முதுகு வரை அது தானே வழுக்கிக்கொண்டு போய்விடும். பள்ளியில் அறை ஒதுக்க இடமில்லை என்றாலும் எனக்குக் கவலையில்லை. வேப்பமர நிழலில் வண்டியைப் பின்பக்கமாக நிறுத்தி, கதவைத் தூக்கிவிட்டால் அதுவே கூரை, தளமே மேசை. பிள்ளைகள் வரிசையில் நின்று, தலையை உள்ளே நீட்டி, அடியில் இருக்கும் புத்தகத்தையே இழுத்துப் பார்ப்பார்கள். ஆசிரியர்கள் அதட்டினாலும் நான் தடுப்பதில்லை.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. நீண்ட கூரையையும் பெரிய பின்கதவையும் பார்த்துவிட்டு, "என்னப்பா தம்பி, ஆம்புலன்ஸா? யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிப்போய்க் கேட்ட பெரியவர்கள் அந்த ஊர்களில் பலர். செக்கானூரணி அருகே ஒரு டீக்கடையில், இது அமரர் ஊர்திதான் என்று முடிவு செய்துகொண்டு, என்னிடம் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

ஓட்டுவதற்குச் சுகமான வண்டியா என்றால், அது யார் ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. சாவியைத் திருப்பி, ஹீட்டர் விளக்கு அணையும் வரை பொறுத்து, பிறகு செல்ஃப் அடிக்க வேண்டும் என்பது முறை. மதுரை வெயிலில் மார்கழி விடியற்காலை தவிர அந்தப் பொறுமைக்கு வேலையே இருப்பதில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது எஞ்சினின் அதிர்வு கண்ணாடியையும் கதவையும் கடந்து ஓட்டுபவரின் பல்வரை வந்து சேரும். வேகம் எடுக்க நேரமாகும். ஆனால் உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டி கணவாயில் வண்டி நிறையப் புத்தகத்தோடு ஏறும்போது, மூன்றாவது கியரில் விட்டுவிட்டால் போதும். பின்சக்கரங்கள் தள்ளுவதை முதுகில் உணர்ந்தபடி, அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் மேலே போய்ச் சேரும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது இருந்தால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன் என்று என் மனைவி சொல்வதுண்டு. நான்கு வழிச்சாலையில் மட்டும் நான் மிகவும் அடக்கம். காற்றுப் பையும் இல்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லை என்பது தெரிந்தே ஓட்டுவதால், திருமங்கலம் தாண்டிய பிறகும் இடது தடத்தை விட்டு நகர்வதில்லை. பழைய வண்டி புதிய வண்டிக்குப் பாதுகாப்பில் இணை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதன் தோற்றத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சாலையில் இதைப் பார்ப்பவர்கள் முடிவெடுப்பது தோற்றத்தை வைத்துத்தான். கரும்பச்சை நிறம் கூரையிலும் பானட்டிலும் வெயில் பட்டு வெளுத்து, சில இடங்களில் மேல்பூச்சு உரிந்து நிற்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவு வேறொரு வண்டியிலிருந்து வந்தது. அதுவும் பச்சைதான், ஆனால் வேறு பச்சை. சக்கர வளைவுகளில் துரு விழும்போதெல்லாம் டிங்கர் வேலை செய்து பட்டி பார்த்திருக்கிறோம். அந்தப் பட்டி மழைக்காலம் முடிந்ததும் மீண்டும் பொருக்கு விடும். பின்கதவைத் தாங்கும் ஷாக் இரண்டும் வயதாகித் தளர்ந்துவிட்டதால், கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு சவுக்குக் கட்டை எப்போதும் வண்டியில் இருக்கும். இடது பின்கண்ணாடியை இறக்கப் பொத்தானை அழுத்துவதோடு கையாலும் கொஞ்சம் தள்ளிக்கொடுக்க வேண்டும். டீசல் முள் எவ்வளவு ஊற்றினாலும் பாதியையே காட்டும். ஆகவே ஓடிய கிலோமீட்டரைக் குறித்து வைத்துக்கொண்டு டீசல் போடுகிறேன். இவற்றில் எதுவும் காற்றை மாசுபடுத்துவதில்லை. வண்டியின் புகையையும் பிரேக்கையும் தீர்மானிக்கும் பாகங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் நான் காசு செலவழிக்கிறேன். பெயின்ட் அடிக்க ஆகும் தொகையில், எஞ்சினுக்கு டீசலைச் செலுத்தும் பம்பையும் அதைத் தூவும் நாசிலையும் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடலாம் என்னும்போது, எதைச் செய்வது என்பதில் எனக்கு ஐயம் ஏற்பட்டதே இல்லை.

டீசல் வண்டியின் புகையைப் பற்றி, பட்டறைக்குப் போய்வரும் எவரும் அறிந்த சில செய்திகள் கொள்கை வகுப்போருக்குச் சென்று சேர்வதில்லையோ என்று தோன்றுகிறது. கறுப்புப் புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை என்று பொருள்: காற்று வடிகட்டி அடைத்திருக்கும், நாசில் தேய்ந்து தூவலுக்குப் பதிலாகச் சொட்டும், அல்லது இழுவை கூடட்டும் என்று யாரோ பம்பில் டீசல் அளவை ஏற்றி வைத்திருப்பார்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அது பிஸ்டன் ரிங்கும் வால்வும் சார்ந்த பெரிய வேலை. இவற்றில் பெரும்பாலானவை பராமரிப்பின் குறைகள். பத்தே ஆண்டான வண்டியும் கவனிப்பாரற்றுக் கிடந்தால் ஊரையே மறைக்கும் புகை விடும்.

ஆயினும் அனைத்தையும் பராமரிப்பால் சரிசெய்துவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் நாடு முழுவதும் வந்த முதல் பாரத் தர விதிகள், டீசல் காரிலிருந்து வெளியேறும் நுண்துகளைக் கிலோமீட்டருக்கு 140 மில்லிகிராம் வரை அனுமதித்தன. 2020 ஏப்ரலில் வந்த ஆறாம் தர விதியின் வரம்பு 4.5 மில்லிகிராம். என் வண்டியோ அந்த முதல் விதிக்கும் முந்தியது. எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் புதிய டீசல் காரைப்போல் முப்பது மடங்குக்குக் குறையாமல் துகளை வெளிவிடக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. இதை மறுத்துவிட்டு வாதிடும் பழைய வண்டி ஆர்வலர்கள் எங்கள் தரப்பையே பலவீனப்படுத்துகிறார்கள். நான் கேட்பது இதுதான்: தீங்கு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றிருக்கையில், வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மட்டும் ஆண்டுக்கு இவ்வளவு என்று வைப்பது எந்தக் கணக்கு? நாள்தோறும் நகருக்குள் வாடகைக்குச் சுற்றும் பழைய வண்டியும், பள்ளி நடக்கும் மாதங்களில் வாரத்துக்குச் சில நாள் மட்டும் ஓடும் என் வண்டியும் ஒரே மாசையா உண்டாக்குகின்றன?

கட்டணத்தின் கதை இப்படி. மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோகக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2021-இல் நான் புதுப்பித்தபோது மத்திய விதிகளின்படி அதற்கான கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல், 15 ஆண்டு கடந்த கார்களுக்கு அது 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிக்கை, 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 10,000 ஆக்கியது. மாநிலத்தின் பசுமை வரி வேறு. ஐந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் என்றால் ஆண்டுக்கு இரண்டாயிரம்தானே, கார் வைத்திருப்பவருக்கு இது ஒரு பாரமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சின் என்பதால், கோடி ரூபாய்க் காருக்கும் என் காருக்கும் ஒரே கட்டாய மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகை என்று, 2022 ஜூனில் வந்த விகிதப்படி 7,897 ரூபாயை ஆண்டுதோறும் கட்டிப் பழகிய எனக்கு இது தாங்க முடியாத தொகை அன்று.

தாங்க முடியாதவர்கள் வேறு. இதே அறிவிக்கைப்படி 20 ஆண்டு கடந்த இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் 2,000 ரூபாய். அலங்காநல்லூரிலிருந்தும் சோழவந்தானிலிருந்தும் விடியுமுன் கீரைக்கட்டும் வெற்றிலையும் ஏற்றிக்கொண்டு வரும் பழைய டி.வி.எஸ். 50 வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு, அவற்றில் சிலவற்றை விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்பது தெரியும். அந்த மனிதர் பதிவைப் புதுப்பிக்காமலே ஓட்டுவார். தாமதத்துக்கு மாதம் 300 ரூபாய் அபராதம் ஏறும். ஏற ஏற அலுவலகப் பக்கமே போக மாட்டார். முடிவில் வண்டி சாலையில்தான் இருக்கும், சோதனைக்கும் காப்பீட்டுக்கும் வெளியே. கட்டணத்தை உயர்த்தினால் பழைய வண்டி மறையும் என்பது நகரத்தில் அமர்ந்து போடும் கணக்கு.

அப்படியானால் எஸ்டேட்டை உடைக்கக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கலாமே என்று கட்டுரையாளர் சொல்கிறார். அரசின் திட்டப்படி, உடைப்புச் சான்று பெற்றவருக்குப் புதிய சொந்தக் காரின் சாலை வரியில் 25 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு என்பது உண்மை. எதை வாங்குவது? இந்த அமைப்பில் ஒரு வண்டி இன்று என் கைக்கெட்டும் விலையில் இல்லை. மாருதி பலேனோ அல்டூரா, ஓப்பல் கார்சா ஸ்விங், ஃபியட் சியேனா வீக்கெண்ட், டாடா இண்டிகோ மரீனா என்று பல நிறுவனங்கள் முயன்று பார்த்தன, ஒன்றும் நிலைக்கவில்லை. டிக்கி தனியே தெரிந்தால்தான் கார் என்று நம் மக்கள் கருதியது ஒரு காரணம். வரிக்கொள்கையும் துணை செய்தது. 2006-இல் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறு கார்களுக்குக் கலால் வரி குறைக்கப்பட்ட நாள் முதல், 2025 செப்டம்பரில் அத்தகைய கார்களுக்கு 18 விழுக்காடும் மற்றவற்றுக்கு 40 விழுக்காடும் ஜி.எஸ்.டி. என்று வைத்தது வரை, நீளமான வண்டிக்கு நம் நாட்டில் இடமில்லை. சிறு சரக்கு வண்டி வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலுக்குப் போகும்போது மாமியாரை எங்கே உட்கார வைப்பது என்பதை மட்டும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று, இந்த வண்டி ஓடுவதற்கு என் பிடிவாதத்தைவிடப் பெரிய காரணம் இந்த வட்டாரத்தின் பட்டறைகள். 1994-இல் வந்த டாடா சுமோவிலும் இதே 1,948 சி.சி. எஞ்சின்தான் இருந்தது, சரக்கு வண்டிகளிலும் அதுவே ஓடியது. ஆகவே நாசிலோ கிளட்ச் பிளேட்டோ ஜாயின்ட் கிராஸோ கேட்டால் திருமங்கலத்திலும் கிடைக்கும், மேலூரிலும் கிடைக்கும். பின்விளக்குக் கண்ணாடி, கதவு ரப்பர் போன்ற உடற்பகுதிப் பொருள்களுக்குத்தான் சென்னைப் புதுப்பேட்டை வரை அலைய வேண்டும். என் மெக்கானிக் அண்ணன், என் வண்டி வளாகத்துக்குள் நுழையும் சத்தத்தைக் கேட்டே, "டேப்பட் அடிக்குது, ஆறவிட்டு நாளைக்குக் கொண்டாங்க" என்று சொல்லிவிடுவார். மதுரைக்கு இது புதிதல்ல. 1911-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் இங்கே தொடங்கிய நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டிகளை ஓட்டும் கருவியைச் செய்து பேருந்துகளை நிறுத்தாமல் ஓட்டியது. இருப்பதை ஓட வைப்பதும் ஒரு தொழில் திறம். புதிதாக ஒரு காரைச் செய்வதற்கு ஆகும் இரும்பையும் மின்சாரத்தையும் அது மிச்சப்படுத்துகிறது.

பழமைக்கு மதிப்புத் தரும் விதியும் ஒன்று 2021 ஜூலையில் வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகத் தனி எண் வரிசையில் பதியலாம். ஆனால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் அன்றி அன்றாடம் ஓட்டக் கூடாது. என் வண்டி அந்தத் தகுதியை 2046-இல்தான் எட்டும். எட்டினாலும் வேறு பச்சைக் கதவு அதைத் தகுதியிழக்கச் செய்துவிடலாம். இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வண்டிகளுக்குச் சட்டத்தில் தண்டக் கட்டணம் மட்டுமே இருக்கிறது.

தலைநகர் டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் தடுக்கும் ஆணையைப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் பிறப்பித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கே குளிர்காலக் காற்று நகராமல் தேங்கி நிற்கும் நிலைக்கு அப்படியொரு கடுமை தேவைப்பட்டிருக்கலாம். அதை அப்படியே மதுரைக்கு எடுத்து வருமாறு கட்டுரையாளர் பரிந்துரைப்பதற்கு முன், இங்கே நடக்கும் சோதனையின் தரத்தை ஒருமுறை நேரில் பார்த்திருக்கலாம். பாரத் நான்காம் தரத்துக்கு முந்திய டீசல் வண்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சான்று பெற வேண்டும். நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து, புகையின் அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை. சான்று தரும் இடமொன்றில், எஞ்சினை அணைத்துவிட்டு எண் பலகையைப் படம் எடுக்கக் கொடுத்தால் போதும் என்று என்னிடமே சொன்னார்கள். சென்ற முறை பதிவைப் புதுப்பித்தபோது, சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்ததோடு ஆய்வு முடிந்துவிட்டது.

ஆகவே நான் வேண்டுவது சலுகையன்று. சோதனையைக் கடுமையாக்குங்கள். 65 அலகு என்னும் வரம்பு தளர்வானது என்றால் குறையுங்கள். புகைச் சான்று பெறும் ஒவ்வொரு முறையும் ஓடிய கிலோமீட்டரையும் பதிந்துகொண்டால், ஐந்து ஆண்டில் பத்துப் பதிவுகள் சேர்ந்துவிடும். மீட்டரைத் திருப்பி வைப்பவரும் அதில் சிக்குவார். அதை வைத்து, அதிகம் ஓடியவருக்கு அதிகக் கட்டணமும் குறைவாக ஓடியவருக்குக் குறைந்த கட்டணமும் விதிக்கலாம். புகையில் தேறாத வண்டி ஐந்து ஆண்டானதாக இருந்தாலும் சாலைக்கு வராமல் நிறுத்தலாம். மொபெட்டுகளுக்கு மாநில அரசாவது பசுமை வரியில் விலக்குத் தரலாம்.

என் வண்டியின் பதிவு இவ்வாண்டு முடிகிறது. பத்தாயிரத்தையும் கட்டிவிட்டு வண்டியோடு வருவேன். வட்டாரப் போக்குவரத்து ஆய்வாளர் இந்த முறை பானட்டைத் திறந்து, பிரேக்கை அழுத்திப் பார்த்து, எஞ்சினை முழுதாக முடுக்கிப் புகையை அளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தேறவில்லை என்றால் தயங்காமல் திருப்பி அனுப்பட்டும். நாசில் கடைக்குப் போய்விட்டு மறுபடியும் வருகிறேன்.

இங்ஙனம்,
புத்தக வியாபாரி ஒருவர்,
மதுரை.